கால் உடைந்தவரை எழுப்பி நடக்க வைக்கும் ஊர்



அரநாயக்க மக்களுக்கு, குறிப்பாக எங்கட மஹல்லாப் பெரியவர்களுக்கும் வாலிபர்களுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கோபமும் இருக்கிறது. முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள், பரவாயில்லை.

பாதத்தில் எலும்பு முறிந்த ஒருவரைப் பார்க்க வருபவர்கள் முதல் நாள் கேட்பது, "எப்படி விழுந்தீங்க?" பத்தாம் நாள் கேட்பது, "இன்னும் சரி வரல்லயா?" இருபதாம் நாள் கேள்வியே கிடையாது, தீர்ப்புத்தான்: "சின்ன எலும்புதானே, எழும்பி நடந்தா சரியாப் போகும்."

இந்தத் தீர்ப்போடுதான் எனக்குச் சண்டை. நம் ஊரில் பாத எலும்பு முறிந்து, பிறகு வருடக்கணக்கில் நொண்டுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். விழுந்த விழுகை மட்டும்தான் அவர்களை அப்படி ஆக்கியதா? ஆற வேண்டிய வாரங்களில் அவர்களை ஆறவிடாமல் எழுப்பி நடக்க வைத்தது யார்? வீடும் ஊரும்தான். ஓய்வுதான் இந்த நோய்க்கு முதல் மருந்து. அந்த மருந்தை நோயாளி தனியாக எடுத்துக்கொள்ள முடியாது. சுற்றி இருப்பவர்கள் கொடுத்தால்தான் உண்டு. நாங்கள் கொடுப்பதில்லை.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் எலும்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதத்திலும் சேர்த்து 52. உடம்பில் இருப்பது மொத்தம் 206. அதாவது நம் எலும்புகளில் கால்வாசி பாதங்களில்தான் இருக்கிறது. "சின்ன எலும்பு" என்று நாங்கள் அலட்சியமாகச் சொல்கிற இவைதான் முழு உடம்பையும் சுமக்கின்றன. கை விரல் முறிந்தால் கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு திரியலாம். பாதத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எங்கே போவது? அதிலும் நம் ஊரில், வீட்டு வாசலிலிருந்து பாதைக்கு இறங்கவே இருபது முப்பது படி, மழை பெய்தால் அத்தனையிலும் பாசி.

முறிந்த எலும்பு எப்படிச் சேர்கிறது? முதலில் முறிந்த இடத்தில் இரத்தம் கட்டி, வீங்குகிறது. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் இரண்டு முனைகளுக்கும் நடுவே மென்மையான ஒரு பாலம் உருவாகிறது. அது எலும்பல்ல, குருத்தெலும்பு போன்ற ஒன்று. பிறகு வரும் வாரங்களில்தான் அதில் கல்சியம் படிந்து இறுகுகிறது. பாதத்தின் நீள எலும்புகள் சேருவதற்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகும் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்வது மாதக்கணக்கில் நடக்கிறது.

இப்போது யோசியுங்கள். அந்த இருபதாம் நாள் எந்த நாள்? பாலம் போட்டு, கொங்கிறீட் இன்னும் இறுகாத நாள். வீட்டுக்கு சிலாப் போட்டால் பலகை கழற்ற நாள் எண்ணிப் பார்க்கிறோம். பாஸ் அவசரப்பட்டால் சண்டை பிடிக்கிறோம். ஆனால் ஒரு மனிதனின் காலுக்குள் போட்ட சிலாப் இறுக முன்பே "ஏறி நடங்க" என்கிறோம்.

அடுத்தது, நம் ஊரில் படித்தவர், படிக்காதவர் எல்லோருமே சொல்கிற வாதம்: "நடக்க முடியுதுதானே, அப்ப முறிஞ்சிருக்காது."

இது பிழை. 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள், கால் பிரண்டவர்களில் யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று சில விதிகள் வகுத்தார்கள். உலகம் முழுவதும் அவை இன்றும் பாவனையில் இருக்கின்றன. விழுந்த உடனேயும் பிறகு வைத்தியர் பார்க்கும்போதும் நான்கு எட்டு வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அத்தோடு நிற்கவில்லை. நடக்க முடிந்தாலும், பாதத்தின் வெளி விளிம்பில் நடுவே புடைத்திருக்கும் எலும்பை அழுத்தும்போது நொந்தால், அல்லது உட்பக்க வளைவின் மேலே இருக்கும் எலும்பை அழுத்தும்போது நொந்தால், அப்போதும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆக, நான்கு எட்டு வைத்துக் காட்டுவது முறியவில்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இன்னும் ஒரு கதை சொல்கிறேன், இது உண்மையாக நடந்தது. இங்கிலாந்தின் லிவர்பூலில் சேர் ரொபர்ட் ஜோன்ஸ் என்று ஒரு பெரிய எலும்பு சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். ஒரு நாள் ஆடிக்கொண்டிருக்கும்போது அவருடைய பாதத்திலேயே ஏதோ ஆகிவிட்டது. தசைநார்தான் அறுந்திருக்கும் என்று அவரும் நினைத்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வெளி விளிம்பில் இருக்கும் ஐந்தாவது நீள எலும்பு முறிந்திருந்தது. 1902இல் அதை எழுதி வெளியிட்டார். இன்றுவரை அந்த முறிவுக்கு ஜோன்ஸ் முறிவு என்றுதான் பெயர். எலும்புக்கே நிபுணரான ஒருவருக்குத் தன்னுடைய காலில் முறிந்ததையே எக்ஸ்ரே இல்லாமல் கண்டுபிடிக்க முடியவில்லை. நம் ஊரில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "அது சும்மா சுளுக்கு" என்று சொல்கிறோம்.

அந்த ஜோன்ஸ் முறிவு ஏன் பொல்லாதது தெரியுமா? எலும்பின் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதனால் மெதுவாகச் சேரும், சில வேளை சேராமலே போகும். பல நேரம் வைத்தியர்கள் அந்தக் காலில் பாரமே வைக்க வேண்டாம் என்பார்கள். அதே எலும்பில் கொஞ்சம் தள்ளி, அடிப்பக்க நுனியில் சிறு துண்டு பெயர்ந்தால் அது இலகுவாக ஆறும். அதற்கென்று ஒரு சப்பாத்து மாட்டிக்கொண்டு நடக்கக்கூடச் சொல்வார்கள். ஒரே எலும்பு, சில மில்லிமீற்றர் வித்தியாசம், இரண்டு வேறு வைத்தியம். எது எது என்று எக்ஸ்ரே பார்த்த வைத்தியர் சொல்லட்டும். "எங்கட மச்சானுக்கும் இதேதான், மூணாம் கிழமை நடந்தாரு" என்பவர்களே, உங்கள் மச்சானின் எலும்பு வேறு, இவருடைய எலும்பு வேறு.

வாலிபர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்வதென்றால், நெய்மார். 2018 பெப்ரவரி கடைசியில் மார்செய் அணியோடு நடந்த போட்டியில் அவருக்கு முறிந்ததும் இதே ஐந்தாவது பாத எலும்புதான். சத்திரசிகிச்சை செய்து, மீண்டும் மைதானத்துக்கு வந்தது ஜூன் மாத ஆரம்பத்தில். மூன்று மாதத்துக்கு மேல். உலகத்தின் விலை கூடிய கால், உலகத்தின் சிறந்த வைத்தியர்கள், பக்கத்திலேயே உடற்பயிற்சி நிபுணர்கள், அப்படியும் மூன்று மாதம். உலகக் கிண்ணம் வாசலில் நிற்கும்போதும் அந்தக் கால் ஆறும்வரை ஒரு நாடே காத்திருந்தது. நெய்மாரின் காலுக்கு "பாவம்" என்று ஸ்டேட்டஸ் போட்ட தம்பிமாரே, உங்கள் வீட்டு உம்மாவின் காலுக்கு எத்தனை நாள் கொடுத்தீர்கள்?

இனி எண்ணெய்க்கு வருவோம்.

நாட்டு எலும்பு வைத்தியத்தைக் கேவலப்படுத்த நான் வரவில்லை. சிங்களத்தில் கடும் பிந்தும் வெதகம என்று சொல்கிற அந்த வைத்தியத்துக்கு இந்த நாட்டில் நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. பரம்பரையாகச் செய்யும் நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள். என் பயம் அவர்களைப் பற்றியல்ல. எக்ஸ்ரே எடுக்காமலே, விழுந்த அன்றைக்கே, வீங்கிய காலை உருவி "பிடித்து விடுகிற" கைகளைப் பற்றித்தான். சேரத் தொடங்கும் எலும்பைத் தேய்த்தால் முனைகள் விலகும். வீங்கும் காலை இறுக்கிக் கட்டினால் இரத்தம் ஓடாது. கட்டிய பிறகு விரல் குளிர்ந்தால், நீலம் பாய்ந்தால், மரத்துப் போனால், வலி தாங்க முடியாமல் கூடினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். யார் கட்டியிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்குக் காசு இல்லை. மாவனல்லைக்கோ கேகாலைக்கோ போகும் த்ரீவீல் காசுதான் செலவு. அதை மிச்சம் பிடித்து ஆயுள் முழுவதும் நொண்டுவது என்ன கணக்கு?

சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனம். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், எலும்பு முறிந்தாலும் வலி தெரியாமல் போகலாம். கால் வீங்கி, சிவந்து, சூடாக இருக்கிறது, ஆனால் நோகவில்லை என்றால் அது நல்ல செய்தி கிடையாது. மேலே சொன்ன நான்கு எட்டுக் கணக்கும் அவர்களுக்குப் பொருந்தாது. நேரே வைத்தியரிடம் போங்கள். சிகரட் குடிக்கும் சகோதரர்களே, புகை எலும்பு சேருவதைத் தாமதமாக்கும். ஆறு கிழமைக்காவது அதை விடுங்கள். நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதவும் வேண்டாம்.

இனித்தான் கசப்பான பகுதி. பெண்களைப் பற்றி.

எனக்கு முறிந்ததும் அந்த ஐந்தாவது எலும்புதான். மழை நாளில் படியில் கால் பிரண்டது. இப்போது ஐந்தாவது வாரம். என்னைப் பார்க்க வந்த அத்தனை பெண்களும் என் காலைப் பார்ப்பதற்கு முன் அடுப்படியைப் பார்த்தார்கள். "அப்ப யாரு சமைக்கிற?" இதைக் கேட்காமல் போன ஒருவர் இல்லை. வாப்பாவின் கால் முறிந்தால் "யாரு உழைக்கிற?" என்று கேட்டு, அவருக்காகக் கவலைப்படுவோம். உம்மாவின் கால் முறிந்தால் வீட்டில் இருப்பவர்களுக்காகக் கவலைப்படுகிறோம். இரண்டும் ஒன்றா?

ஆண்கள் பிளாஸ்டரோடு கட்டிலில் ஆறு கிழமை இருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், இருக்கட்டும். பெண்கள் ஆறு நாள் இருந்தால் ஏழாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போகிறார்கள். யாரும் போகச் சொல்வதில்லை, அது உண்மை. ஆனால் காய்ந்த பானையும் குவிந்த உடுப்பும் வாய் திறந்து பேசும். அந்தச் சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்கிறது, வீட்டில் உள்ள மற்ற நான்கு பேருக்கும் கேட்பதில்லை. பிறகு, "உம்மா சபூர் உள்ளவ, நொந்தாலும் சொல்ல மாட்டா" என்று புகழ்கிறோம். அவளுடைய சபூரைப் புகழ்வதைவிட ஒரு நாள் சோறு ஆக்குங்கள். நன்மை கூடக் கிடைக்கும்.

நான் அரசாங்க ஆசிரியை. எனக்கு மருத்துவ விடுமுறை இருக்கிறது, மாதம் முடிந்தால் சம்பளம் வருகிறது. அந்த விடுமுறைக் கடிதத்தை நேரில் கொண்டு வந்து தரச் சொன்ன ஒரு காரியாலயம் மேல்மாடியில் இருந்தது என்பது வேறு கதை. கால் முறிந்ததற்கு அத்தாட்சி கொடுக்க முறிந்த காலோடு மாடி ஏற வேண்டும்! ஆனாலும் என்னால் வீட்டில் இருக்க முடிகிறது. இறப்பர் பால் வெட்டுகிறவருக்கும், தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற அக்காமாருக்கும், த்ரீவீல் ஓட்டுகிற நானாவுக்கும், கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் அது முடியுமா?

கணக்குப் போடுவோம். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். வாரம் ஆறு நாள் வைத்து ஆறு வாரத்துக்கு 36 நாள். 48,600 ரூபாய். இதுதான் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சின்ன எலும்பின் விலை. வேலை செய்யும் இடத்தில் விழுந்தால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. வேலைத்தளத்தில் விழுந்தவர்கள் அன்றைக்கே அதைப் பதிவு செய்து, ஆஸ்பத்திரித் துண்டுகளைப் பத்திரப்படுத்தி, தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். ஆனால் சொந்த வீட்டுப் படியில் வழுக்கி விழுந்த நாட்கூலிக்காரருக்கு யார் கொடுப்பது? அவர் மூன்றாம் கிழமை வெட்டுக் கத்தியோடு மலை ஏறுகிறார். எலும்பு சேருவதில்லை. பிறகு வருடக்கணக்காக அரை வேலை, அரைச் சம்பளம். அவரிடம் போய் "ஓய்வு எடுங்க" என்று புத்தி சொல்லும் தகுதி நமக்கு இல்லை. அந்த 48,600இல் ஒரு பங்கையாவது அவர் கையில் வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

"ஊருக்கு அந்த மனசு இல்ல டீச்சர்" என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2016 மே 17 நினைவிருக்கிறதா? சாமசர மலை சரிந்து எலங்கபிட்டிய, சிரிபுர, பள்ளேபாகே பக்கம் வீடுகள் மண்ணுக்குள் போயின. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அன்றைக்குச் சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்று யாரும் பார்த்தார்களா? சோறு வந்தது, உடுப்பு வந்தது, தோண்டுவதற்குக் கைகள் வந்தன. மனசு இருக்கிறது. பெரிய அழிவு வந்தால் ஓடி வருகிறோம். பிரச்சினை என்னவென்றால், சின்னதாக, சத்தமில்லாமல், ஆறு கிழமை நீளுகிற ஒரு கஷ்டத்துக்கு நம்மிடம் பொறுமை இல்லை. முதல் கிழமை ஆப்பிளும் தோடம்பழமும் குவியும். நான்காம் கிழமை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. உதவி அதிகம் தேவைப்படுவது நான்காம் கிழமைதான்.

பள்ளிவாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் பேசுகிறாள் என்று கோபிக்க வேண்டாம். என் வாப்பாவும் நானாவும் தொழுகிற இடம் அது.

"கதிரையில தொழுறது இப்ப பெஷனாப் போச்சு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரையிலிருந்து ஒரு பேரீச்ச மரத்தடியில் விழுந்து, பாதம் பிசகியதை ஜாபிர் (ரழி) அறிவிக்கிறார்கள். அபூதாவூதில் இருக்கிறது. பார்க்கப் போன ஸஹாபாக்கள், ஆயிஷா (ரழி) அவர்களின் அறையில் நபியவர்கள் உட்கார்ந்து தொழுவதைக் கண்டார்கள். அல்லாஹ்வின் தூதரே பாதத்தில் அடிபட்டபோது உட்கார்ந்து தொழுதிருக்கிறார்கள். அவரைவிடப் பேணுதலானவர்களா நாம், முறிந்த காலோடு நின்று காட்டுவதற்கு? முடியாதவர் மீது குற்றமில்லை என்று குர்ஆனே சொல்லியிருக்க, நாம் ஏன் பின் ஸப்பிலிருந்து முறைத்துப் பார்க்கிறோம்? பிளாஸ்டர் போட்டவர் வுழு செய்வதற்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. ஹஸரத்மாரிடம் கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.

ஆனால் வுழு செய்யும் இடம் எங்கே இருக்கிறது? படி இறங்கிப் போக வேண்டும், வழுக்கும் தரை, பிடிக்க ஒரு கம்பி கிடையாது. பள்ளிவாசல் மட்டுமல்ல, பாடசாலை, காரியாலயம், கடை எல்லாம் அப்படித்தான். 1996இன் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006 ஒக்டோபரில் வந்த ஒழுங்குவிதிகளும் பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வரக்கூடிய வசதி வேண்டும் என்கின்றன. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்திக் கட்டளையிட்டது. அதன் பிறகும் எத்தனை கட்டடம் கட்டினோம், எத்தனைக்குச் சாய்வுப் பாதை வைத்தோம்? "மலைநாட்டில் படி இல்லாமல் எப்படி?" என்று கேட்கலாம். மலையை யாரும் வெட்டச் சொல்லவில்லை. படிக்குப் பக்கத்தில் ஒரு கைபிடிக் கம்பி, நான்கு படி இருக்கும் இடத்தில் ஒரு சாய்வு, வழுக்காத தரை. மினாராவுக்குப் பூசும் ஒரு வாளி பெயின்டின் காசு போதும் ஒரு கம்பிக்கு. அது கால் முறிந்தவருக்கு மட்டுமா உதவும்? வயதானவர், கர்ப்பிணி, பிறவியிலேயே நடக்க முடியாத பிள்ளை, எல்லோருக்கும்தான். நமக்கு ஆறு கிழமைக் கஷ்டம், அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும்.

இன்னுமொரு எதிர்வாதமும் வரும்: "சும்மா படுத்துக் கிடந்தா கால் மரத்துப் போகும்." இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அசையாமல் கிடந்தால் கெண்டைக்கால் சதை வற்றும், மூட்டு இறுகும், இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. அதனால்தான் விரலை எப்போது அசைப்பது, எப்போது பாதிப் பாரம் வைப்பது, எப்போது முழுப் பாரம் வைப்பது என்று வைத்தியரும் பிசியோதெரபிஸ்ட்டும் படிப்படியாகச் சொல்லித் தருகிறார்கள். பிளாஸ்டர் கழற்றிய அன்றைக்கே ஓடுவதற்கல்ல. அன்றைக்குத்தான் நடக்கப் பழகும் வேலை ஆரம்பிக்கிறது. "பிளாஸ்டர் கழட்டியாச்சே, இன்னும் என்ன நொண்டி?" என்று கேட்பவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேசிவிட்டுப் போகாமல், நான் கேட்பதையும் சொல்கிறேன்.

ஒன்று: ஜனாஸாவுக்குச் சந்தூக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு பள்ளிவாசலும் இரண்டு சோடி ஊன்றுகோலும் ஒரு சக்கர நாற்காலியும் வைத்திருக்கட்டும். மௌத்தானவரைச் சுமக்க ஏற்பாடு இருக்கிறது, உயிரோடு இருப்பவரைச் சுமக்க இல்லை. பாவித்தவர் திருப்பித் தரட்டும். மதம் பார்க்காமல் யார் கேட்டாலும் கொடுப்போம்.

இரண்டு: வுழு செய்யும் இடத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு குழாய், ஒரு கைபிடிக் கம்பி.

மூன்று: நாட்கூலிக்காரர் கால் முறிந்து படுத்தால், வைத்தியர் சொன்ன நாள் வரைக்கும் அந்த வீட்டு அரிசி பருப்பை ஜமாஅத் பொறுப்பெடுக்கட்டும். ஸகாத், ஸதகா எல்லாம் இதற்கில்லாமல் வேறு எதற்கு?

நான்கு: பாடசாலையில் ஒரு பிள்ளைக்கோ ஆசிரியருக்கோ கால் முறிந்தால் அந்த வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்றுவோம். கதிரை மேசை தூக்க வாலிபர்கள் வரட்டும். ஒரு மணித்தியால வேலை.

ஐந்து: வீட்டில் உம்மாவோ, ராத்தாவோ, மனைவியோ படுத்திருந்தால், ஆண்பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் வேலையைப் பிரித்து, எழுதி, சுவரில் ஒட்டுங்கள். நான்காம் கிழமைக்கும் சேர்த்து எழுதுங்கள்.

இது எதற்கும் அரசாங்கம் வரத் தேவையில்லை, வெளிநாட்டுக் காசு தேவையில்லை. அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாக சபை பத்து நிமிடம் உட்கார்ந்தால் முதல் இரண்டும் முடிந்துவிடும். எலும்பைச் சேர்த்து வைப்பது அல்லாஹ். அது சேரும்வரை அவகாசம் கொடுப்பது நம் வேலை.

கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். இப்போதைக்கு எனக்கு நேரம் இருக்கிறது, எழும்பி ஓட முடியாது. நிர்வாக சபையில் இருப்பவர்களைத் தெரிந்தால் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

அல்லாஹ் நோயில் இருக்கும் எல்லோருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.